பன்னிரண்டாம் குழியில் நான் போட்ட சத்தம்

மார்ச் 3, செவ்வாய்

கிளப் செயலாளர் இன்று போனில் கூப்பிட்டார். நம் மைதானத்தில் நடக்கப் போகும் உலக ஜோடிகள் கோப்பையில் எனக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறாராம். ஏதோ பரிசு கொடுப்பவர் போன்ற குரல். விதிகள் மேசையாக இருக்கும் என்று நினைத்தேன். கோல்ஃப் விதிகளில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் இந்த கிளப்பில் என்னிடம்தான் வருவார்கள். ஆனால் விதிகள் மேசை இல்லையாம். பன்னிரண்டாம் குழிப் பக்கம் நின்று, "அமைதி" என்று எழுதிய பலகையை நான் தூக்கிப் பிடிக்க வேண்டுமாம்.

"நிழல்ல நாற்காலி போட்டுத் தரோம் மேடம். நீங்க வாயே திறக்க வேண்டாம், பலகையைத் தூக்கினா போதும்."

வாயே திறக்க வேண்டாம்! இந்த மனிதருக்கு மட்டையை எப்படிப் பிடிப்பது என்று காட்டிக் கொடுத்ததே என் கணவர்தான். அவர் இருந்திருந்தால் இப்படிப் பேசியிருப்பாரா?

முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். ஆனால் நம் நாட்டுக்காக ஆடப் போகும் இரண்டு பெண்களில் ஒருத்தி என் மகள். வயது முப்பத்தெட்டு. இதற்குப் பிறகு அவளை யாரும் தேர்ந்தெடுக்கப் போவதில்லை. அது அவளுக்கும் தெரியும். கூட்டத்தைத் தடுக்கும் கயிற்றுக்கு உள்ளே நின்று அவள் ஆடுவதைப் பார்க்க எனக்கு வேறு வழியில்லை.

பலகையே ஆகட்டும்.

மார்ச் 5, வியாழன்

தொப்பி கொடுத்தார்கள். கண்ணை மறைக்கிறது. அளவு பார்த்து வாங்கத் தெரியாதவர்கள் உலகப் போட்டி நடத்துகிறார்கள். வீட்டுக்கு வந்து ஊசி நூல் எடுத்துப் பின்பக்கம் சுருக்கித் தைத்தேன்.

மார்ச் 7, சனி

இன்றைய ஆட்டம் முடிந்தபோது என் மகளும் அவள் ஜோடியும் இரண்டாம் இடம். நாளை கடைசி நாள். ஜோடியை எல்லோரும் நெட்டை என்றே கூப்பிடுகிறார்கள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்க்கிறது.

சாயங்காலம் நாத்தனார் கூப்பிட்டாள். "அண்ணி, நாளைக்கு ஒரே பந்தாமே? ஒண்ணு வாங்கறதுக்குத்தான் காசு இருந்துதா?"

பொறுமையாக விளக்கினேன். ஜோடிக்கு ஒரு பந்து. ஒருத்தி அடித்தால் அடுத்த அடி மற்றவளுடையது. பந்து தண்ணீரில் விழுந்து வேறு பந்து எடுத்தாலும், அதை அடிக்க வேண்டியவள் அடுத்தவள்தான். முறை தவறினால் இரண்டு அடி அபராதம், திரும்பிப் போய்ச் சரியான ஆள் அடிக்க வேண்டும். அப்படிச் சரிசெய்யாமல் முறை தவறிய ஜோடி அடுத்த குழிக்கு முதல் அடி அடித்துவிட்டால் போட்டியிலிருந்தே வெளியே.

"அடேயப்பா! எங்க மாமியார்கூட என்கிட்ட இவ்வளவு சட்டம் பேசினதில்ல."

மார்ச் 8, ஞாயிறு

பேனா முனை தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

கடைசி ஆட்டத்தில் நான்கே பெண்கள். முதலிடத்தில் இருந்த வெளிநாட்டு ஜோடி. என் மகள், நெட்டை. பன்னிரண்டாம் குழியில் வெளிநாட்டுக்காரிகளில் ஒருத்தி, சிவப்புச் சட்டை போட்டவள், அடித்த பந்து என் கண்ணெதிரே குளத்தில் விழுந்தது. வேறு பந்து எடுத்தாள். கூட வந்தவள் அடிக்க வேண்டிய பந்து. இவளே அடித்தாள்! சிறு வயது, பதற்றம். மற்றவளும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை. எப்படியோ பந்தைக் குழியில் தள்ளிவிட்டு நடந்தார்கள்.

நடுவரைப் பார்த்தேன். தன் வண்டியில் உட்கார்ந்து, திறக்க மாட்டேன் என்ற தண்ணீர் பாட்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த குழிக்கு அடிக்கும் மேடு அங்கேயே, பக்கத்தில்தான். முதலில் நெட்டையின் முறை. அடிக்கப் போகிறவளைத் தொந்தரவு செய்யக் கூடாது. காத்திருந்தேன். நடுவர் இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று பார்த்தேன். ம்ஹூம். நெட்டை அடித்து முடித்தாள். வெளிநாட்டுக்காரி குனிந்து பந்தை வைத்தாள். இன்னும் ஒரு வீச்சு — அவர்கள் வெளியே, கோப்பை நமக்கு.

"நிறுத்து! அடிக்காதே!"

கான்வென்டில் சிஸ்டர்கள் பழக்கிய ஆங்கிலம், மைதானத்தின் மறுகோடி வரை கேட்டிருக்கும். கத்தும்போது "அமைதி" பலகையைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள். சிரித்தவர்கள் சிரிக்கட்டும்.

அந்தப் பெண்கள் திரும்பிப் போனார்கள். ஒழுங்காக அடித்தார்கள். அபராதத்தையும் ஏற்றுக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.

"கெழவி எந்த நாட்டுக்காரிடா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். செயலாளர் வந்து தொப்பியைக் கழற்றித் தரச் சொன்னார். கள்ளக் கையெழுத்துப் போட்டவளிடம் பேனாவைப் பிடுங்குவது போல!

மகள் என்னைத் தாண்டித்தான் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் பார்த்தாளா? குளக்கரையில்தானே நின்றாள். முறை தவறியது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் — சீ, என்ன எழுதுகிறேன்.

மார்ச் 9, திங்கள்

மகள் கூப்பிடவில்லை. நான் எதற்கு முதலில் கூப்பிட வேண்டும்?

மார்ச் 11, புதன்

நாத்தனார் நேரிலேயே வந்துவிட்டாள். "ஏன் அண்ணி, பெத்த பொண்ணு கழுத்துல விழற மாலையை யாராவது தட்டி விடுவாங்களா? கண்ணை மூடிட்டு நின்னிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"கண்ணை மூடறதுக்கா என்னை அங்க நிக்க வச்சாங்க?"

"வாயை மூடறதுக்குத்தான் வச்சாங்க."

காபி கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். என் பிள்ளை ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு இராதா? அவள் முதல் மட்டையை வாங்கி, அளவுக்கு அறுத்துக் கொடுத்தது யார்? ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளைகள் தெரியாமல் பள்ளத்தில் விழ, அதைப் பார்த்துக்கொண்டு நின்று வாங்குகிற கோப்பையை எந்த அலமாரியில் வைப்பது?

மார்ச் 15, ஞாயிறு

வந்தாள். உட்காரவில்லை. கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"நெட்டை இனிமே என்னோட ஆட மாட்டாளாம். சொல்லிட்டா."

"அதுக்கு நான் என்ன பண்றது? விதி விதிதான்."

"விதி எனக்குத் தெரியாதாம்மா?"

"தெரிஞ்சா ஏன் சும்மா நின்ன?" கேட்கக் கூடாது என்று ஒரு வாரமாகக் கடித்து வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"நெட்டை அடிச்சு முடிக்கட்டும்னு நின்னேன். முடிச்சா. அவங்க பக்கம் திரும்பி ஒரு அடி எடுத்து வச்சேன். அதுக்குள்ள நீ கத்திட்ட. இப்போ நெட்டை உள்பட எல்லாரும் என்ன பேசறாங்க தெரியுமா? அம்மா நேர்மை, பொண்ணு கமுக்கம்னு. தோத்தது போகட்டும். நான் சொல்லியிருப்பேன்னு இனிமே யார்கிட்ட போய் எப்படிச் சொல்லுவேன்? யாரு நம்புவா?"

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"நீயே நம்பல, இல்ல?"

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். என் வீட்டுக் கதவை, என் முகத்துக்கு நேரே.

மார்ச் 16, திங்கள்

என்ன திமிர். நான் செய்தது சரி. நாளைக்கே மறுபடி நடந்தாலும் கத்துவேன். இப்போது வந்து, நான் சொல்லவிருந்தேன் என்றால்? யார் வேண்டுமானாலும் சொல்லலாமே.

சொல்லலாம்தான்.

ஆனால் நெட்டை அடித்து முடிக்கட்டும் என்று நானும்தானே நின்றேன்? நான் நின்றால் அது ஒழுங்கு, அவள் நின்றால் அது கள்ளமா? அடிக்கிறவள் பக்கத்தில் மூச்சுக்கூட விடாதே என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

கோபம் எங்கே போய் உட்கார்வது என்று தெரியாமல் வீட்டுக்குள் சுற்றுகிறது.

மார்ச் 28, சனி

கிளப் விருந்து. போவதாக இல்லை. நான் நடக்கச் சிரமப்படுவேன் என்று நாத்தனார் என் மகளிடம் சொன்னாளாம். மகள் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தாள். வழியில் இரண்டு பேரும் பேசவில்லை.

வெளிநாட்டுப் பத்திரிகைகளில் என்னைப் பற்றி நன்றாக எழுதிவிட்டார்களாம். அன்று தொப்பியைப் பிடுங்கிய அதே செயலாளர் இன்று பூங்கொத்தோடு மேடை ஏறினார். வெட்கமே இல்லை. "மேடம் மட்டும் அன்னிக்கு இல்லேன்னா, அந்தத் தப்பு யாருக்குமே தெரிஞ்சிருக்காது" என்றார். கை தட்டினார்கள். மகள் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மைக்கை வாங்கினேன்.

"செயலாளர் சொன்னது தப்பு. எனக்கு முன்னாடியே என் பொண்ணு பார்த்துட்டா. ஜோடி அடிச்சு முடிக்கிற வரைக்கும் மரியாதைக்கு நின்னு, அப்புறம் சொல்லறதுக்கு அடி எடுத்து வச்சா. எனக்குத்தான் பொறுமை இல்ல, முந்திக்கிட்டேன். பூவை அவகிட்ட குடுங்க."

செயலாளர் விழித்தார். நெட்டை தலையைத் தூக்கி என் மகளைப் பார்த்தாள்; நெடுநேரம் பார்த்தாள்.

திரும்பும்போது சிக்னலில் கார் நின்றது. பூங்கொத்து பின் இருக்கையில்.

"அம்மா. நீ அப்போ பந்து வைக்கிறவளைத்தானே பார்த்துட்டிருந்த?"

"ஆமா."

"என் பக்கம் திரும்பவே இல்லையே."

"இல்ல."

"அப்புறம் எப்படி அவ்வளவு பேர் முன்னாடி —"

"பச்சை விழுந்தாச்சு," என்றேன். "ஓட்டு."