ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர்

அன்பு மகளுக்கு,

பேறுகாலத்துக்கு நீ இங்கே வருவதாக அம்மா சொன்னார். உன்னைக் கூட்டிவர வவுனியாவுக்குக் காரோடு நானே வரலாமா என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

எஞ்சின் ஒயில் அளவாக இருக்கிறது. பிரேக் ஒயிலும் சரி. நாலு ரயருக்கும் காற்று அடித்தாயிற்று. ரேடியேட்டருக்குத்தான் நம் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வைத்திருந்தேன். மாங்குளம் கராஜில் குகதாசன் மூடியைத் திறந்துவிட்டுச் சிரித்தான்.

“அண்ணை, உங்கட தண்ணி தேத்தண்ணிக் கேத்திலுக்குள்ளையே சுண்ணாம்பு கட்டுது. இதுக்குள்ளையும் ஊத்தினனீங்களோ?”

“ஓமடா தம்பி. நான் குடிக்கிறதைத்தானே அதுக்கும் குடுத்தனான்.”

கழுவி, கூலன்ற் ஊற்றித் தந்தான். பிறகு, “நல்ல கார். போன வருசம் மகளின்ர கலியாணத்துக்குப் போகேலாமல் அப்பிடி என்ன பழுது வந்தது?” என்று கேட்டான். நான் குனிந்து ரயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன்னிடம் அப்படி நிற்க முடியாது, பிள்ளை. பழுது என்று நான் சொன்ன அன்றைக்கும் கார் நன்றாகத்தான் ஓடியது.

சனிக்கிழமை வரட்டுமா? நீ பின்னால் வசதியாகச் சாய்ந்திரு. முன் சீட்டை மருமகனுக்குத் துடைத்து வைத்திருக்கிறேன்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
அப்பா