சீவி எறிந்த நாள் குறித்துத் தாழைநாட்டரசிக்கு

வளம் குன்றாத தாழைநாட்டின் தலைவியும், கழிமுகம் ஏழுக்கும் காவலும், சொன்ன சொல் தவறாத குடியில் பிறந்தவருமான அரசி பெருங்கோதையார் திருமுன், வேங்கைமலை நாட்டுச் செங்கீரன் தலைதாழ்த்தி விடுக்கும் ஓலை. உம் நெல்லும் உப்பும் பெருகுக. உம் குடிகளின் கண்ணீர் ஓய்க. எம் பட்டங்களை எழுத வேண்டாம் என ஓலைநாயகத்துக்கு ஆணையிட்டோம். காரணம் கீழே காண்பீர்.

ஆனி இறுதி நாளில், சொல்லாமல் கொள்ளாமல் மடை திறந்து, ஆற்றுமணலில் வெள்ளரி பறித்துக்கொண்டிருந்த உம்மவர் பதினொருவரை வெள்ளத்துக்குக் கொடுத்த மடைக்காவலன் பூதனைக் கழுவேற்றக் கட்டி அனுப்புமாறு நீர் விடுத்த ஓலை கிடைத்தது. அவன் குற்றவாளி அல்லன்.

நம் முன்னோர் ஒரே வேங்கை மரத்தைப் பிளந்து இரு நாட்டுக்கும் இரு நாட்கோல் செதுக்கியதும், நாளுக்கொரு வெட்டாக விடியல்தோறும் சிவப்பு நூலை நகர்த்திக் கட்டுவதும், ஆடி முதல் நாளுக்குரிய மீன் உருவில் நூல் நின்றபின்பே மடை திறப்பதும், அதுவரை ஆற்றுமணல் உம்மவர்க்கு உரியதாவதும் நீர் அறிந்ததே.

எம் கோலில் வைகாசி இருபதாம் நாளுக்கு முறிந்த வேல் ஒன்று செதுக்கப்பட்டிருந்தது. எம் தந்தையார் படையைக் களத்தில் விட்டு ஓடிவந்த நாள் அது. ஆண்டுதோறும் நூல் அங்கே வரும்போது அவையோர் தரையைப் பார்ப்பர். அயல்நாட்டுத் தூதர் மீசைக்குள் சிரிப்பர். யாம் என்று எழுதவே கூசுகிறது. இனி நான் என்றே எழுதுகிறேன். என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. இவ்வாண்டு மாசியில் அந்த வெட்டைச் சீவி எறியச் சொன்னேன். மரத்தைத்தான் சீவலாம், நாளைச் சீவ முடியாது, நம் கணக்கு ஒரு நாள் முந்திவிடும் எனக் கோல்தச்சர் எயினனார் மன்றாடினார். அவரை அவையை விட்டுத் துரத்தினேன். உமக்குச் சொல்லியனுப்பவும் வெட்கப்பட்டேன்.

எனவே உமக்கு ஆனி இறுதி நாளாயிருந்தது எமக்கு ஆடி முதல் நாளாயிற்று. பூதன் கோலைப் பார்த்தான், மடையைத் திறந்தான். உம் ஓலையை அவையில் படித்தபோது, திறந்தது தன் கைதான், தன்னையே அனுப்பிவிடுங்கள் என்றான் அவன். அதைக் கேட்டும் மூன்று நாள் வாய் திறவாதிருந்தேன், அரசியாரே. அவன் போய்விட்டால் என் செயல் மறைந்துவிடும் என்று நினைத்தேன். பதினொருவர் சாவைவிட எனக்கு அதிக வெட்கம் தருவது இந்த மூன்று நாள்தான்.

ஆகவே ஆணையிடுகிறேன்: பூதன் தன் மனைவி மக்களோடு மடையடியிலேயே இருக்க. எயினனாரை வணங்கி அழைத்துவந்து, முறிந்த வேலை முன்னினும் ஆழமாக வெட்டுவிக்க. ஆனி இறுதி வெட்டின் அருகே பதினொரு கீற்று இடுக. உம் கோலின் ஆடிப் பத்தாம் நாள் நான் படையும் குடையுமின்றி உம் ஆற்றங்கரைக்கு வருவேன். பூதனுக்கு நீர் வைத்திருந்த தண்டனையை எனக்கே தருக. இவ்வாணையை மாற்ற என் அமைச்சர்க்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

வேங்கை இலச்சினை இட்டேன். இன்று எம் கோலில் ஆடி ஆறு. உம் கோலில் ஐந்து. ஐந்தே சரி.