முப்பத்தேழு சிவப்புப் புள்ளிகள்

புந்தோங், ஈப்போ

அன்பு மகள் ரஜிதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கு நாங்கள் இருவரும் நலம், மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க முருகன் துணையிருப்பான். அம்மாவின் முழங்கால் வலி இந்த வாரம் கொஞ்சம் தணிந்திருக்கிறது, படியேறக் கூடாதென்று டாக்டர் சொன்னதைத்தான் அவள் கேட்பதில்லை, நீ போனில் சொன்னால் கேட்பாள்.

ஓய்வு பெற்ற நில அளவையாளருக்கு வெயிலில் என்ன வேலை என்று கேட்டிருந்தாய். குப்பை அள்ளும் நிறுவனம் ஒன்று இங்குள்ள தொட்டிகளையெல்லாம் கணினி வரைபடத்தில் ஏற்றுகிறது, அதற்குத்தான் போகிறேன். தொட்டியருகே நின்று கைப்பேசியை அழுத்தினால் அந்த இடம் வரைபடத்தில் புள்ளியாக விழும், பிறகு படம் எடுத்து, லாரி உள்ளே வருமா, எத்தனை நாளில் நிறைகிறது என்று குறிக்க வேண்டும். வீட்டுத் தொட்டிக்கு நீலம், பொதுத் தொட்டிக்குப் பச்சை, கண்ட இடத்தில் கொட்டியதற்குச் சிவப்பு. சிவப்பைப் பார்த்தால் லாரி போய் அள்ளிவிடும். இரண்டு மாதத்தில் முப்பத்தேழு சிவப்பு வைத்தேன். அதில் ஒன்று பழைய ரப்பர்த் தோட்டத்தில், மிச்சமிருக்கும் நாலைந்து தொழிலாளர் லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில். தகரக் கொட்டகைக்குப் பின்னால் போத்தலும் அட்டையும் டின்னும் குவிந்திருந்தன, ஆளைக் காணவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேனா என்றால் இல்லை, மழை வரும்போல் இருந்தது. பத்து நாள் கழித்து மேற்பார்வையாளர் தீபன், அள்ளுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை அனுப்பினான். பின்னால் எடுத்ததில் வெறுந்தரை, அதன் ஓரத்தில் ஒரு பெண், கையில் காலிச் சாக்கு.

மறுநாள் காலையில் மோட்டார் சைக்கிளில் போனேன். அவர் பெயர் கருப்பம்மாள், அறுபது தாண்டியவர், அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர். தோட்டம் மூடியபின் போத்தல் பொறுக்கி, வகை பிரித்து, பழைய சாமான் கடையில் போட்டுத்தான் சாப்பாடு. மூன்று மாதம் சேர்த்ததோடு அவருடைய தள்ளுவண்டியையும் லாரி கொண்டுபோய்விட்டது, கத்திக்கொண்டே பின்னால் ஓடினாராம். குப்பை என்று யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார். நான்தான் என்று சொல்லி, கைப்பேசி வரைபடத்தில் அந்தச் சிவப்புப் புள்ளியைக் காட்டினேன். “ஒரு கொரல் கொடுத்திருக்கலாம்லா சார், லயத்துக்குப் பின்னால தண்ணி புடிச்சிக்கிட்டுதான் இருந்தேன்” என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவருடைய வண்டி லாரியில் நசுங்கிப் போயிருந்தது, வேறொன்று வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “வண்டி சரி, அந்த மேப்புல இன்னும் குப்பைன்னுதானே இருக்கு?” என்று கேட்டார். நிறுவனத்தில் போய் நாலாவது நிறம் வேண்டுமென்றேன். மூன்றுக்குத்தான் இடம் என்று தீபன் கையை விரித்தான். நான்கு நாள் போய் உட்கார்ந்தேன், ஐந்தாம் நாள் மேலாளர் மஞ்சளுக்குச் சம்மதித்தார்: பிரிக்கும் இடம், அள்ளக் கூடாது. இப்போது மற்ற முப்பத்தாறு இடங்களுக்கும் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறேன், ஒவ்வொன்றிலும் நின்று கூப்பிடுகிறேன். இதுவரை பத்தொன்பது முடிந்தது. இரண்டு இடத்தில் குரல் கேட்டு ஆட்கள் வந்தார்கள், அவர்களும் பொறுக்கிப் பிரிப்பவர்கள்தான். அதில் ஒன்றில், நான் போவதற்கு முன்பே லாரி வந்து அள்ளி முடித்திருந்தது.

இதை அம்மாவிடம் முழுதாகச் சொல்லவில்லை, நீயும் சொல்ல வேண்டாம். பாஸ்போர்ட்டை நேரத்தோடு புதுப்பித்துவிடு. நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல், மனம் ஒத்து நெடுநாள் வாழ வேண்டும்.

உன் அப்பா,
சிவநேசன்