புள்ளி நின்றாலும் வராதே

பிப்ரவரி 9, ஞாயிறு

ட்ரிகிராட் வரை சைக்கிளில் போய்த் திரும்பினேன். ஐம்பது கிலோமீட்டர், ஓரமெல்லாம் பனி, எதிர்க்காற்று. எங்கள் ஊர் தெவினுக்குள் நுழையும்போது கால் விரல்கள் என்னுடையவைதானா என்று சந்தேகம். ஆனால் ஏற்றத்தில் ஒரு தடவைகூட இறங்கித் தள்ளவில்லை. நாற்பத்தொன்பது வயதுக்கு மோசமில்லை. மோசமில்லை என்ன, நன்றாகவே ஓட்டினேன். என் நோட்டில் நானே என்னைப் புகழாவிட்டால் வேறு யார் வந்து புகழப்போகிறார்கள்?

வீட்டுக்கு வந்தால் பந்தயத்தை நடத்தும் கலோயானிடமிருந்து மின்னஞ்சல். ஜூலை 5 காலை ஏழு மணிக்கு பான்ஸ்கோவில் தொடக்கம். அறுநூற்று நாற்பது கிலோமீட்டர் மலைப்பாதை, கர்ஜாலியில் முடிவு, ஆறு நாள் கெடு. பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. எண் 27.

ஆசெனிடம் சொன்னேன். தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் கண்ணாடித் துடைப்பானைச் சாப்பாட்டு மேசையில் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தான். "போன வருஷம் பட்டது போதாதா?" என்றான். பட்டதெல்லாம் உன்னால்தான் என்று வாய்வரை வந்தது. இருபத்தாறு வருஷத்துக்கு முன் கட்டிக்கொண்டவனிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

தையல்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் இடைவேளையில் கேட்டாள். "வெலினா அக்கா, போன வருஷம் பந்தயத்துலேருந்து உங்கள ஏன் தூக்கினாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் யூலியா தொடங்கிவிட்டாள். அடுத்த இயந்திரத்தில் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவள், என் கதையை என்னைவிட நன்றாகச் சொல்லுவாள். "யாரும் தூக்கலடி. இவளே போய்ச் சொல்லிட்டு வெளிய வந்தா. இந்தப் பந்தயத்துல யார்கிட்டயும் உதவி வாங்கக் கூடாது. கடையில வாங்கலாம், எல்லாருக்கும் கிடைக்கறது எதையும் எடுத்துக்கலாம். ஆனா உனக்குன்னு ஒருத்தர் ஓடி வரக் கூடாது. ஒவ்வொருத்தர் வண்டியிலயும் ஒரு ட்ராக்கர். வலைத்தளத்துல புள்ளியாத் தெரியும். இவ புள்ளி பெல்மெக்கென் அணைக்கு மேல அஞ்சு மணி நேரம் நின்னுபோச்சு. ஆலங்கட்டி மழைன்னு குடிசைல படுத்திருந்தா. நம்ம ஆசென் விழுந்துட்டான்னு நெனச்சு, ஜீப் இரவல் வாங்கிட்டு மலையேறிட்டார்."

பெண்கள் எல்லாரும் "ஐயோ பாவம்" என்றார்கள். என்னைச் சொல்லவில்லை, அவனைச் சொன்னார்கள்.

நடந்தது அதுதான். இருபது நிமிடம் ஜீப்புக்குள், ஹீட்டர் சூட்டில், அவன் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுகமாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். அப்புறம் சைக்கிளில் ஏறிப் பதினொரு கிலோமீட்டர் போனேன். வாங்கியது உதவிதானே. நின்று கலோயானைக் கூப்பிட்டேன். "நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே" என்றார். "எனக்குத் தெரியுமே" என்றேன். அந்த இரண்டு வார்த்தை பேசியதற்காக இன்றும் எனக்கு என்மேல் மரியாதை உண்டு. அன்று சாயங்காலம் வரை அழுததும் உண்மை.

மார்ச் 22, சனி

பைகள் தைத்து முடித்தேன். மழைக்கோட்டுத் துணியின் மிச்சத்தில், சைக்கிள் சட்டத்துக்குள் ஒன்று, இருக்கைக்குப் பின்னால் ஒன்று, கைப்பிடியில் ஒன்று. தையல் ஓரமெல்லாம் பட்டை ஒட்டி, குளியல் தொட்டியில் ஒரு மணி நேரம் முக்கி வைத்தேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பைகளோடு வருகிறவர்கள் பக்கத்தில் வந்து தொட்டுப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

எடையைக் குறைக்க என் உடுப்புகளில் தைத்திருந்த கம்பெனிப் பெயர்த் துணிகளையெல்லாம் பிரித்தெடுத்துத் தராசில் போட்டேன். முப்பத்தொரு கிராம். யூலியா சிரித்துச் சிரித்து ஊசியைத் தொலைத்தாள். "கல்யாண மோதிரத்தையும் கழட்டேன்டி, அது நாலு கிராம்." இந்த நோட்டின் அட்டையைக் கிழித்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

நூற்றுப் பத்து கிலோமீட்டர். மந்தைக் காவல் நாய்கள் இரண்டு தடவை பாய்ந்து வந்தன. இறங்கி, வண்டியை நடுவில் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டே நடந்தேன். இடையன் எட்டிப் பார்த்து, "என்னம்மா, வீட்ல கோவிச்சுக்கிட்டுக் கெளம்பிட்டியா?" என்றான்.

மே 4, ஞாயிறு

கோபத்தில் எழுதுகிறேன்.

இது ஒத்திகை. சனி காலை கிளம்பினேன், ட்ராக்கரைப் போட்டுக்கொண்டு. கிளம்புமுன் ஆசெனிடம் தெளிவாகச் சொன்னேன்: "ஒரு எடத்துல வேணும்னே நாலு மணி நேரம் நிப்பேன். நீ வரக் கூடாது. இது எனக்கு இல்ல, உனக்குப் பரீட்சை." தலையை ஆட்டினான். முகத்தைப் பார்த்தால் படித்து முடித்த பையன் மாதிரி தெளிவு.

மலைக்காட்டில், வெயில் விழும் ஒரு வெட்டவெளியில் தூக்கப்பையை விரித்துப் படுத்தேன். நல்ல தூக்கம். ஹாரன் சத்தம். கண் திறந்தால் மரங்களுக்கு நடுவே மஞ்சள் பள்ளிப் பேருந்து! மரம் ஏற்றும் பாதையில்! நல்ல வேளை, குழந்தைகள் யாரும் உள்ளே இல்லை. கதவைத் திறந்துகொண்டு முதலுதவிப் பெட்டியோடு ஓடி வருகிறான்.

"மூணு மணி பத்து நிமிஷம் ஆச்சு வெலினா, அசையவே இல்ல!"

"நாலு மணி நேரம்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்ன. ஆனா நெஜமாவே விழுந்திருந்தா? ஒத்திகை அன்னிக்கு விழக் கூடாதுன்னு சட்டமா?"

திருப்ப இடமில்லாமல் பேருந்தை மூன்று கிலோமீட்டர் ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு இறங்கினான். நான் முன்னால் சைக்கிளில், கையைக் காட்டிக் காட்டி வழி சொல்லிக்கொண்டு. யாராவது பார்த்திருந்தால் எங்களைத் தொலைக்காட்சியில் போட்டிருப்பார்கள்.

வீட்டில் சண்டை. அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நீ எங்கியோ அடிபட்டுக் கெடப்ப, நான் இங்க உக்காந்து ஒரு புள்ளியப் பாத்துக்கிட்டு இருக்கணும். அதுக்குப் பேரு புருஷனா?"

"ஆமா. அதத்தான் உன்கிட்ட கேக்கறேன். வேற எதுவும் கேக்கல."

கதவை அறைந்துவிட்டுப் போனான். என்ன கேட்டுட்டேன் நான்? முழுசா ஒரு வேலைய நானே செய்யணும்னு கேட்டேன். செஞ்சேன்னு சொல்லிக்கணும்னு கேட்டேன். இந்த ஜென்மத்துல எத்தனை ஆயிரம் சட்டை தச்சிருப்பேன், ஒண்ணு மேலயாவது என் பேரு உண்டா?

மே 5

தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

மே 6, செவ்வாய்

புனித கெயோர்கி நாள். மச்சினன் வீட்டில் ஆட்டுக்கறி, எல்லாரும் இருந்தார்கள். ஆசென் என் தட்டில் பெரிய துண்டாக எடுத்து வைத்தான், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. மச்சினன், "என்னடா, பொண்டாட்டியத் தனியா மலைக்கு அனுப்பிட்டு வீட்ல பாத்திரம் கழுவப் போறியா?" என்று கிண்டலடித்தான். ஆசென் சட்டென்று நிமிர்ந்தான். "அறுபது பேர்ல மூணு பொம்பளைங்க. அதுல ஒருத்தி என் பொண்டாட்டி. நீ மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கற."

மேசையே சிரித்தது. நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். சந்தோஷத்தில் காது சுட்டது.

ஜூன் 1, ஞாயிறு

பந்தய விதிகளை அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறான். எட்டுப் பக்கம். மூக்குக் கண்ணாடி போட்டு, பென்சிலால் கோடு போட்டுப் படிக்கிறான். முப்பது வருஷம் வண்டி ஓட்டி ஒரு அபராதம்கூட வாங்காதவன். விதி என்று ஒன்று காகிதத்தில் வந்துவிட்டால் போதும், அதற்கு அப்புறம் அவனை அசைக்க முடியாது. அம்மாடி, இதை நான் போன வருஷமே செய்திருக்கலாமே! நான் வாயால் சொன்னதெல்லாம் பெண்டாட்டி பேச்சு. இது விதி.

கேள்விகள்தான் தாங்கவில்லை. "கை ஆட்டலாமா?" ஆட்டலாம். "பேர் சொல்லிக் கத்தலாமா?" கத்தலாம். "தெவின் வழியாத்தான் போற. நம்ம வீட்டு வாசல்ல நிப்பியா?" நிக்க மாட்டேன், வீட்டுக்குள்ள காலும் வைக்கக் கூடாது. "நம்ம குழாய்ல தண்ணி?" கூடாது, தெருமுனைக் குழாய்னா சரி. "உன் மூஞ்சியப் பாத்தா என்னமோ ஒண்ணு தேவைன்னு எனக்குத் தெரிஞ்சுடும். அப்ப?"

பொறுமை போய்விட்டது. "கலோயான் முடிஞ்சுதுன்னு சொல்ற வரைக்கும் என் பக்கமே வராதே சாமி" என்று கத்தினேன். அதையும் ஓரத்தில் எழுதிக்கொண்டான்.

ஜூலை 4, பான்ஸ்கோ

பேருந்து பிடித்துத் தனியாக வந்தேன். பைகளை நான்கு பேர் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர் யார் தைத்தது என்று கேட்டார். சொன்னேன். மூன்று தடவை சொன்னேன் என்று நினைக்கிறேன்.

ஜூலை 6

பெல்மெக்கென். அதே குடிசை. நிற்கவில்லை, தாண்டிவிட்டேன்!

ஜூலை 7, திங்கள்

சுத்கா இறக்கத்தில் விழுந்தேன். மழை, வேர், அவ்வளவுதான். முழங்கை கிழிந்தது, விலா வலி. ஊசியிலை மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன், மூன்று மணி நேரமாகிறது. சங்கிலியைத் தாங்கும் துண்டு வளைந்துபோனதை மாற்றிவிட்டேன். கட்டும் போட்டாயிற்று. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

புள்ளி நிக்குது. அவன் பாத்துக்கிட்டுத்தான் இருப்பான்.

பிற்பகல் — கீழே ஜீப் சத்தம் கேட்டது. வந்துட்டான்னு நெனச்சேன். வாயில வராத வசவு இல்ல. எழுந்து நின்னு கத்தத் தயாரானேன். வந்தது வனத்துறை ஜீப். இரண்டு பையன்கள். "ஏறிக்கங்கக்கா, கீழ விட்டுடறோம்." வேண்டாம்ப்பா, நடக்க முடியுது. அவர்கள் போன பிறகு அழுதேன். வந்தது அவன் இல்லை என்ற நிம்மதியா, அவன் இல்லையே என்ற ஏமாற்றமா? இரண்டும்தான். யாருக்கு எழுதுகிறேன், பொய் எதற்கு?

அந்த வசவுக்கு எழுந்தேன் பார், அப்படியே ஏறி ஓட்டிவிட்டேன்.

ஜூலை 8

தெவின். தையல்கூடமே தெருவில் நின்று கத்தியது. யூலியா என் முழங்கைக் கட்டைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். எங்கள் வீட்டு ஜன்னல் கதவெல்லாம் பட்டப்பகலில் சாத்தியிருந்தது. ஏன் ஆசென்? கை ஆட்டலாம்னு சொன்னேனே.

தெருமுனைக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனேன்.

ஜூலை 12, சனி, வீடு

வியாழன் மாலை நாலு இருபதுக்குக் கர்ஜாலி. ஐந்து நாள், ஒன்பது மணி, இருபது நிமிடம். கிளம்பிய அறுபதில் முடித்தது முப்பத்தெட்டு பேர். நான் முப்பத்தொன்றாவது. முடித்த பெண்கள் இரண்டே பேர், நானும் ஒருத்தி. எந்த மனிதர் கையிலிருந்தும் எனக்கென்று ஒரு பொருள் வாங்காமல், முழுசாக, நானே. இதை இன்னும் பத்து தடவை எழுதலாம் போலிருக்கிறது.

ஆனால் முடிவுக் கோட்டில் ஆசென் இல்லை. எல்லாரையும் வீட்டிலிருந்து யாராவது வந்து கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயந்துபோய், ஒரு நல்ல மனிதர் தொலைபேசியை வாங்கி அடித்தேன்.

"எங்க இருக்க?"

"வீட்லதான். உன் புள்ளி கோட்டு மேல நிக்குது. ஆனா முடிஞ்சுதுன்னு யாரும் சொல்லலியே."

"அதான் நான் சொல்றேனே, முடிஞ்சுது!"

"நீ சொன்னா ஆகாது. கலோயான் சொல்ற வரைக்கும்னு நீதான சொன்ன? எழுதி வெச்சிருக்கேன்."

கலோயானைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதிகாரபூர்வமாக, "எண் 27 முடிச்சுட்டாங்க, ஐயா. நீங்க வரலாம்" என்றார். அந்தப் பக்கம் கதவு அடிக்கும் சத்தம் மட்டும்.

யூலியா பிறகு சொன்னாள். திங்கட்கிழமை புள்ளி நின்றதும் அவன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடி, "இத ஒளிச்சு வை, எங்கன்னு எனக்குச் சொல்லாத" என்றானாம். அவள் முற்றத்திலேயே நாலரை மணி நேரம் உட்கார்ந்து விறகு பிளந்தானாம். புள்ளி நகர்ந்ததும் கோடாலியைப் போட்டுவிட்டுக் குழந்தை மாதிரி அழுதானாம். நான் தெருவில் வந்த அன்று ஜன்னலைச் சாத்தினது, பார்த்தால் கதவைத் திறந்துவிடுவோம் என்ற பயத்தில்.

இரண்டரை மணி நேரத்தில் கர்ஜாலி வந்து சேர்ந்தான். காரை நிறுத்தி, இறங்கி, என்னிடமிருந்து நாலடி தள்ளி நின்றான். முழங்கையைப் பார்த்தான். கண் கலங்கியது. கைகள் இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தன.

"தொடலாமா?" என்றான்.

தொடலாம் என்றேன்.