இருபத்துநாலாம் நம்பர் புலி

திங்கள்
காலையிலிருந்து தூறல். கம்பெனி பஸ் லேட்.
இனி மிஷினில் நிற்க வேண்டாம். அட்டை மேசை. உட்கார்ந்து செய்யும் வேலை! இந்த வேலை கையைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும்.
லண்டன்காரர்களின் டீத்தூள், ஓசூரில் பாக்கெட் போடுகிறோம். பாக்கெட்டுக்கு ஒரு மிருகப் பட அட்டை, பின்பக்கம் அதைப் பற்றி நாலு வரி. இருபத்துநாலும் சேர்த்தால் ஸ்கூல் பேக் இலவசம். கட்டுகளைப் பிரித்து, கலந்து, தட்டில் அடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

செவ்வாய்
கால் வலி இல்லை. கழுத்து வலி.
நம்பர் 1-இல் மிருகம் இல்லை, பழைய கதை. இங்கிலாந்தில் சிகரெட் பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே அட்டை வைத்தார்களாம். வெறும் அட்டை எதற்கென்று படம். பிறகு டீ கம்பெனிகளும். படத்துக்காகப் பிள்ளைகள் அம்மாவை டீ வாங்க வைத்தார்களாம். பத்தாவதோடு நின்ற பிறகு நான் முழுசாகப் படித்தது இதுதான்.
பக்கத்து மேசை சென்னம்மா அக்கா: "ஏ பாப்பா, பரீச்சைக்கா படிக்கிற? கைய ஆட்டு."
ஒன்று எடுத்துப்போக ஆசை. கேட்டில் பையைப் பார்ப்பார்கள்.

வியாழன்
எல்லாம் படித்தாயிற்று. 24 மட்டும் வரவில்லை. ஷெல்ஃப் மேலே தனிப் பெட்டி. திறந்தால் புலி! யாரோ மறந்துவிட்டார்கள்.
சூப்பர்வைசர் சாரிடம் கேட்கப் போனேன். போனில் பேசிக்கொண்டிருந்தார். நின்றேன். திரும்பி வந்துவிட்டேன். நானே எல்லாத் தட்டிலும் சமமாகக் கலந்தேன். ஒரு பிள்ளைக்கும் விட்டுப்போகக் கூடாது.

சனி
லாரி போன பிறகுதான் சார் காலிப் பெட்டியைப் பார்த்தார்.
"லோடுக்கு நாலஞ்சு போதும்னு தனியா வெச்சிருந்தா, மொத்தத்தையும் கலக்கிட்டியா? அது கிடைக்கலன்னாதானம்மா மறுபடி வாங்குவாங்க!"
அக்காதான்: "அவளுக்கு யார் சார் சொன்னாங்க?" பிறகு என்னிடம், "ஒரு வார்த்த கேட்டா முத்தா உதிர்ந்துடும் பாப்பா?"
திங்கள் முதல் மறுபடி மிஷின்.

புதன்
வாரக் கணக்கில் எழுதவில்லை. தெம்பு இல்லை. பாதம் வீக்கம். வெந்நீர் வைக்க வேண்டும், கேஸ் இல்லை.
எங்கள் காம்பவுண்டுக்குள்ளும் அட்டை வந்துவிட்டது. பிள்ளைகள் எல்லார் கையிலும் புலி. பக்கத்து வீட்டு ரம்யா ஓடிவந்தாள்: "அக்கா, புலி வேணுமா? எங்கிட்ட நாலு கெடக்கு. யாருமே மாத்திக்க மாட்டேங்கறாங்க. நீயாச்சும் வெச்சுக்கோ."
வாங்கிக்கொண்டேன். ஓரம் மடங்கியிருக்கிறது. தலையணைக்கு அடியில்.
பின்பக்கம் இன்னும் படிக்கவில்லை. நாளை ஃபர்ஸ்ட் ஷிப்ட்.