ரிப்பனில் மசி

தாராவி,
12.7.1966

அன்புள்ள அக்காவுக்கு,

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து முப்பது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் என் மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். அவள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள்.

உன் வீட்டுக் கல்யாணத்தில் எல்லார் முன்னாலும் கேட்டாயே, "கணக்கு எழுதுத மனுசன் பொட்டப்பிள்ளைக்குச் சடை பின்னுதாரே, வெக்கமா இல்லையா?" என்று. அவர் காதிலும் விழுந்தது. சிரித்துக்கொண்டே ரிப்பனை இன்னும் இறுக்கிக் கட்டினார்.

காலை ஆறு மணிக்கே நான் மருந்து கம்பெனிக்கு ஓடிவிடுவேன். எங்கள் மூன்று பெண்பிள்ளைகளுக்கும் தலைசீவிப் பள்ளிக்கூடத்தில் விட்டபிறகுதான் அவர் தோல் கிடங்குக்குக் கணக்கெழுதப் போவார். அவர் விரலில் ஊறிய மசி ரிப்பனில் ஒட்டியிருக்கும். அந்த ரிப்பன்களை நான் இன்னும் துவைக்கவில்லை.

அவளை அனுப்ப மாட்டேன். படித்து முடிக்கட்டும். அதுவரை உன் மாப்பிள்ளை காத்திருந்தால், அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டு எழுது: சடை பின்னத் தெரியுமா?

உன் தங்கை