பியானோக்காரன் முனகாத இடம்

ஜூன் 2, திங்கள்

நான் வேலை பார்க்கும் எஸ்டேட் பங்களாவில் தங்கியிருக்கும் பெங்களூர் அம்மா இன்று அலமாரியிலிருந்து ஒரு பழைய இசைத்தட்டை எடுத்துச் சுழலவிட்டார். அந்த அட்டையை எத்தனை வருஷமாகத் தூசி தட்டியிருக்கிறேன்! பியானோ மேல் கவிழ்ந்து கிடக்கும் ஒரு ஆள், பக்கத்தில் சிகரெட் புகை. உள்ளே இப்படி ஒன்று இருக்கும் என்று எனக்கென்ன தெரியும்? ஜாஸ் என்றார். வார்த்தையே இல்லை. ஒரு பியானோ, ஒரு பெரிய தந்தி வாத்தியம், துடைப்பத்தால் கூட்டுகிற மாதிரி ஒரு டிரம். ஏதோ ஹோட்டலில் வாசிக்கும்போதே பதிவு செய்தார்களாம். கிளாஸ் மோதுகிறது, யாரோ இருமுகிறார்கள்.

நான் துணியும் கையுமாக நின்றுவிட்டேன். "பிடிச்சிருக்கா வனிதா?" என்றார். பிடித்ததா என்று தெரியவில்லை. அடுத்து என்ன வரும் என்று விட்டுப் போக முடியவில்லை, அவ்வளவுதான்.

ஜூன் 3

கிளம்பும் முன் அந்த அம்மா அதே ஆல்பம் முழுவதையும் நெட்டிலிருந்து என் போனில் ஏற்றிக் கொடுத்தார்.

ஜூன் 7, சனி

கேட்கத்தான் நேரம் இல்லை. வேலை முடிந்து வந்தால் ஆறு. ஆறு மணிக்கு மேல் எங்கள் லயத்தில், இந்த வரிசை வீடுகளில், யாரும் பாட்டு போடுவதில்லை. யாரும் சட்டம் போடவில்லை. ஏப்ரலில் வேலாயியின் புருஷன் நாச்சிமுத்துவைக் கடைப் பாதையில் யானை அடித்துக் கொன்றபோது, அவர் சட்டைப் பையில் போன் பாடிக்கொண்டே இருந்தது. எடுத்து நிறுத்தியது என் வீட்டுக்காரர்தான். அன்றிலிருந்து டிவியில்கூட வாய்தான் அசைகிறது, சத்தம் இல்லை. யானை வருகிறதா என்று எல்லோரும் சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

எங்களுடையது கடைசி வீடு. பின்னால் பலாமரம், பழுக்கத் தொடங்கிவிட்டது. வாசனைக்கே யானை வரும். எனக்குப் பயமாக இருக்கிறது. இதையும் பின்கதவைப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

பகலில் கேட்டேன், மகள் உஷா கோயம்புத்தூரிலிருந்து அனுப்பிய ஸ்பீக்கரில். மூன்று தடவை, முதலிலிருந்து கடைசிவரை.

ஒன்று கண்டுபிடித்தேன். இந்த ஆள் வாசிக்கும்போது தொண்டைக்குள் முனகுகிறான். விரல் வேகமெடுத்தால் முனகல் வரும். எல்லாப் பாட்டிலும் உண்டு, நான்காவதில் மட்டும் இல்லை. அது மெதுவான பாட்டு. பியானோவில் ஒரு கட்டையைத் தொடுவான், விட்டுவிடுவான். இதோ வரும் என்று காத்திருந்தால் வராது, மறந்த பிறகு வரும். நடுவில் ஒன்றுமே இல்லாத அந்த இடம்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடிக்கிறது. ஏன்? இந்த ஊரில் சத்தம் இல்லாமல் இருந்தாலே பின்கதவைத்தான் பார்ப்பேன். அங்கே மட்டும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஏப்ரலுக்குப் பிறகு நான் அப்படி உட்கார்ந்தது இன்றுதான்.

ஜூன் 21, சனி

மானம் போயிற்று.

சாயங்காலம் மழை. இந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று மெதுவாகப் போட்டேன். இவர் குளித்துவிட்டு உள்ளே வரவும், மூன்றாவது பாட்டில் முனகல் வரவும் சரியாக இருந்தது. முகம் வெளுத்துவிட்டது. "வனி, அசையாத. பின்னால நிக்குது." நான் வாயெடுப்பதற்குள் கட்டின துண்டோடு வாசலுக்குப் பாய்ந்து பட்டாசைக் கொளுத்தி வீசிவிட்டார். லயமே வெளியே வந்து தகரம் தட்டியது. பக்கத்து வீட்டுத் தங்கவேலு அண்ணன் டார்ச்சோடு ஓடிவந்து, "எங்க, எங்க?" என்கிறார். உள்ளே பியானோக்காரன் சந்தோஷமாக முனகிக்கொண்டிருக்கிறான்.

யானை வயிற்றுக்குள் உறுமுவதும் அப்படித்தான் இருக்கும். காதுக்கு முன்னால் நெஞ்சுக்குத் தெரியும். இவர் மேல் தப்பே இல்லை. ஆனால் தங்கவேலு அண்ணன் விடுவாரா? "ஏன் சுரேந்திரா, ஆனைக்குப் பியானோ யாரு சொல்லிக் கொடுத்தா?" எல்லோரும் சிரித்தார்கள். வேலாயி மட்டும் சிரிக்கவில்லை.

ஜூன் 28

இவர் வேலை பார்க்கும் ஃபேக்டரியிலும் கிண்டலாம். இப்போது இவருக்கு ரோஷம். "போட்டுக்க. தினமும் போடு. எனக்கென்ன பயம்?" இருட்டில் டார்ச்கூட இல்லாமல் பின்னால் தகரச் சாய்ப்புக் கொட்டகைக்கு விறகு எடுக்கப் போகிறார். சொன்னால் கேட்பதில்லை. பயந்த மனுஷனாகவே இருந்திருக்கக் கூடாதா! பாட்டு போட்டது நான்தானே.

கைக்கு எட்டிய பலாவையெல்லாம் இறக்கியாயிற்று. உச்சியில் நாலைந்து நிற்கின்றன. வாசனை வீட்டுக்குள் வருகிறது.

ஜூலை 5, சனி

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமோ என்று எழுதுகிறேன்.

ஏழு மணி இருக்கும். மழை விட்டு மூடுபனி. அடுப்பில் சோறு. நான்காவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இவர் விறகு எடுக்கப் பின்கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தார். அந்தச் சத்தமில்லாத இடம் வந்தது.

அதில் ஒரு முனகல்.

"இருங்க!"

"உன் பியானோக்காரன்தான்டி. இன்னொரு தடவ நான் ஏமாற மாட்டேன்."

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். குரல் குசுகுசுவென்றுதான் வந்தது. "இதுல இல்லீங்க. இந்தப் பாட்டுல அவன் முனகவே மாட்டான். சத்தியமாங்க." பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். பக்கத்து ஸ்டூலில் இருந்த ஸ்பீக்கரை மறுகையால் அணைத்தேன்.

பியானோ நின்றது. முனகல் நிற்கவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரம். இவர் தாழ்ப்பாளிலிருந்து கையை மெல்ல எடுத்தார். அப்படியே நின்றோம். சோறு அடிப்பிடித்தது, போய் இறக்க யாருக்குத் தைரியம்? பிறகு சாய்ப்புத் தகரம் முறிந்தது. பிறகு பலாக்கிளை. பாட்டை நிறுத்திக் கேட்க நாச்சிமுத்துவுக்கு இந்த ஒரு நொடி கிடைக்கவில்லையே என்றுதான் நினைத்தேன்.

ஜூலை 6

காட்டிலாகா ஆட்கள் வந்து யானையை விரட்டினார்கள். சாய்ப்பு இல்லை. கதவுக்கு வெளியே சேற்றில் ஒரு காலடி, எங்கள் சோற்றுப் பானை உள்ளே உட்காரும். இவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜூலை 13, ஞாயிறு

சாயங்காலம் இவரே ஸ்பீக்கரை எடுத்து வைத்தார். "போடு. அவன் எங்கெங்க முனகறான்னு எனக்கும் தெரியணும்."

மெதுவாகப் போட்டேன். முனகல் வரும்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பார், அவன்தான் என்று தலையாட்டுவேன். மூன்றாவது பாட்டில் என்னைப் பார்க்காமல் அவரே தலையாட்டினார். வேலாயி வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். எனக்குச் சங்கடமாகிவிட்டது, நிறுத்தப் போனேன். "இருக்கட்டும் அக்கா. எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றாள்.

நான்காவது வந்தது. மூன்று பேரும் பின்கதவைப் பார்த்தபடி, முடியும்வரை மூச்சு விடாமல் கேட்டோம். கிளாஸ் ஒன்று மோதியது, யாரோ இருமினார்கள், வேறொன்றும் இல்லை. எத்தனை அழகான பாட்டு அது. கண்ணை மூடத்தான் முடியவில்லை.